சளி பிடித்த பெட்டி

ஜனவரி 9

அன்புள்ள மச்சினிக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். அங்கே உன் ரிப்பேர் கடை, உன் கழுத்து வலி, உன் கோபம் எல்லாம் எப்படி இருக்கின்றன? மூன்றில் கடைசி இரண்டு குறைந்திருந்தால் சந்தோஷம்.

இந்தக் கடிதத்தின் பின்னாலேயே ஒரு பார்சல் வரும். உள்ளே நம் பெட்டி. என் தொண்டை ஆபரேஷன் முடிந்து நான் ஊமையாக வீடு வந்தபோது நீ கொண்டுவந்து கொடுத்தாயே, அந்தப் பழைய லேப்டாப்தான். போன திங்கட்கிழமை காலையில் பொத்தானை அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது, அதோடு சரி. தட்டிப் பார்த்தேன், கும்பிட்டுப் பார்த்தேன். வாய் இருந்திருந்தால் திட்டியும் பார்த்திருப்பேன்.

எங்கள் நிலைமை உனக்குத் தெரியாததில்லை. எனக்குப் பேச வராது, உன் அக்காவுக்குக் கண் தெரியாது. நான் எழுதிக் காட்டினாலும் அவளுக்குப் பிரயோஜனம் இல்லை. எங்கள் நடுவில் நின்று குடும்பம் நடத்தியது அந்தப் பெட்டிதான். நான் வார்த்தைகளை அடிப்பேன், அது பேசும், அவள் பதில் சொல்வாள். கேள்வி கேட்கும்போது குரலை ஏற்ற மட்டும் அதற்குத் தெரியாது. "தண்ணி வேணுமா" என்று அடித்தால் போலீஸ்காரர் மாதிரிச் சொல்லும். "இது கேள்வியா, உத்தரவா?" என்பாள் உன் அக்கா. தினமும் இதே பாட்டுத்தான். கொஞ்ச காலமாகச் சளி பிடித்த மாதிரிக் கரகரவென்று வேறு பேசியது. வெந்நீர் வைத்துத் தரட்டுமா என்று அவள் பெட்டியையே கேட்டிருக்கிறாள்.

போனில் கேட்டால் அவள் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிடுவாள். அதனால் வழக்கம்போல நான் கடிதம் எழுதுகிறேன். துணிக்கடையில் காலமெல்லாம் வாயால் பிழைத்தவன் நான். இரண்டாவது தடவையாக அந்த வாய் போயிருக்கிறது. பார்த்துச் செய், தாயே.

உன் அத்தான்

*

ஜனவரி 21

அன்புள்ள அத்தானுக்கு,

கழுத்து வலி அப்படியே இருக்கிறது. கோபம் உங்கள் கடிதத்தைப் படித்ததும் போய்விட்டது. நீங்களும் அக்காவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன்.

பெட்டியைத் திறந்துவிட்டேன். பயப்படாதீர்கள், பிழைக்கிற கேஸ்தான். உள்ளே பலகையில் பட்டாணி அளவில் சின்னச் சின்ன வெள்ளி டப்பாக்கள் நிற்கும், கெப்பாசிட்டர் என்று பெயர். வருகிற கரண்ட்டைக் கொஞ்சம் பிடித்துவைத்துச் சீராக விடுவது அவற்றின் வேலை. வயதானால் அடியில் ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகியது பலகையில் ஓடும் செம்புக் கோடுகளை அரித்துவிடும். உங்கள் பெட்டியில் கிட்டத்தட்ட எல்லாமே ஒழுகியிருந்தன. சூடு காட்டி எடுக்கும்போது கெட்டுப்போன மீன் வாடை அடிக்கும். பக்கத்துக் கடைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, "என்னம்மா, இங்கயே சமையலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஸ்பிரிட்டும் பல் தேய்க்கிற பிரஷும் வைத்துப் பலகையைச் சுத்தம் செய்துவிட்டேன். அதே டப்பா வகையைத் திரும்பப் போட்டால் சில வருஷத்தில் திரும்ப ஒழுகும். கடைக்கு வருகிறவர்களுக்கு அதைத்தான் போடுகிறேன். உங்களுக்கு மட்டும் வேறு வகை. மஞ்சளாக, சதுரமாக இருக்கும், ஒழுகுகிற பேச்சே கிடையாது. உங்கள் பெட்டி இனிமேல் ஒரு நாளும் வாயை மூடக் கூடாது.

இன்னொன்று. இந்தக் கீபோர்டு என்ன இப்படிக் கத்துகிறது? ஒரு எழுத்து அடித்தால் தெருவுக்கே கேட்கும் போலிருக்கிறது. சத்தமே வராத ஒன்று இதற்குப் பொருந்துகிற மாதிரி வைத்திருக்கிறேன், மாற்றித் தருகிறேன். அக்காவின் காதுக்கும் நிம்மதி. போனில் அவளிடமும் சொல்லிவிட்டேன்.

மாதக் கடைசிக்குள் கைக்கு வந்துவிடும். அதுவரை கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருங்கள். (இப்படி உங்களிடம் ஜோக்கடிக்க என்னைத் தவிர யாருக்குத் தைரியம் வரும்?)

உங்கள் மச்சினி

*

ஜனவரி 30

அன்புள்ள மச்சினிக்கு,

உன் கடிதம் வந்தது, உடம்பில் பாதி உயிர் வந்தது. மீதி பெட்டியோடு வரட்டும். இங்கே குளிர் குறைந்துவிட்டது. உன் அக்காவுக்கு முழங்காலில் சின்ன வீக்கம், மற்றபடி நலம்.

நீ இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆவோம் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மஞ்சள் கெப்பாசிட்டருக்கு நன்றி, கீபோர்டுக்கும் நன்றி, மீன் வாடையைப் பொறுத்துக்கொண்டதற்குத் தனியாக ஒரு நன்றி.

பக்கத்து வீட்டு டைலரம்மாவின் மகள் பாவப்பட்டு என் செல்போனில் ஒரு குரலைப் போட்டுக் கொடுத்தாள். செய்தி வாசிக்கிறவர் தோற்றார், அப்படி ஒரு குரல். நானும் ஆசையாக "பசிக்குது" என்று எழுதி அமுக்கினேன். உன் அக்கா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு, "யாரது உள்ள?" என்று கத்தினாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "முதல்ல அந்த ஆளை வெளிய அனுப்புங்க" என்றாள். அனுப்பிவிட்டேன்.

இப்போது ஸ்பூனும் டம்ளரும்தான். அவள் கேட்பாள். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. அவள் கேட்டால்தான் எனக்குப் பதில் உண்டு. நானாக ஒன்றைச் சொல்ல வழியில்லை. பரவாயில்லை, கொஞ்ச நாள்தானே.

உன் அத்தான்

*

பிப்ரவரி 16

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறீர்கள் அல்லவா? இங்கே காலம் தப்பிப் பெய்கிற மழை விட்டபாடில்லை. கடை வாசலில் தண்ணீர் நிற்கிறது. அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது? வீக்கம் என்று மட்டும் எழுதியிருந்தீர்கள், எதனால் என்று எழுதவில்லை. டாக்டரிடம் காட்டினீர்களா?

வேலை ஜாஸ்தி, அதனால்தான் பதில் தாமதம். கழுத்து வலிக்குப் புது மருந்து சாப்பிடுகிறேன், தூக்கம்தான் வருகிறது.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மன்னிக்கவும், நான்தான் போனில் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

உங்கள் மச்சினி

*

பிப்ரவரி 28

அன்புள்ள மச்சினிக்கு,

மழையைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் எழுதியிருந்தாய். பெட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. துணிக்கடையில் வேலை செய்தவனுக்கு இது புரியாதா என்ன? ஒரு சேலையின் மற்ற எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுக் கரையை மட்டும் நாங்கள் காட்டவில்லை என்றால், கறை கரையில் இருக்கிறது என்று அர்த்தம். நீ சொல்கிறபோது சொல். நான் கேட்கப் போவதில்லை.

வேறொன்று சொல்ல ஆசை. நீ பெட்டியைக் கொண்டுவந்த அன்றைக்கு நான் முதலில் அடித்தது உன் அக்காவின் பெயரை. அந்த இரும்புக் குரலில் தன் பெயரைக் கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அழுதுகொண்டே சிரித்தாள். அதற்குப் பிறகு இத்தனை வருஷம் நாங்கள் பேசிய பேச்செல்லாம் நீ கொடுத்தது. இனி ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் கணக்கு எங்கள் பக்கம்தான் லாபம்.

முழங்கால் ஆறி வருகிறது. அவள் நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் பேச்சு குறைச்சல், அவ்வளவுதான்.

உன் அத்தான்

*

மார்ச் 14

என் தங்கச்சிக்கு,

அக்கா பேசுறேன். பக்கத்து வீட்டு டைலரம்மா எழுதுறாங்க. அவங்க தையல் மாதிரியே எழுத்தும் நேரா இருக்கும்னு அவங்களே சொல்லிக்கிறாங்க. உங்க அத்தான் முடி வெட்டிக்கப் போயிருக்காரு. போன்ல நீ கேக்குறப்பெல்லாம் அவரு பக்கத்துலயே நிக்கிறாரு, நான் என்னத்தைச் சொல்ல? நீ நல்லா இருக்கியா? மழையில நனையாத.

என் முழங்காலுக்கு என்ன ஆச்சுன்னு அவரு எழுதியிருக்க மாட்டாரு. உனக்கு லெட்டர் எழுத வெளிச்சம் வேணும்னு நாற்காலிய ஜன்னல்கிட்ட இழுத்துப் போட்டிருக்காரு. எந்தச் சாமானை நகர்த்தினாலும் உடனே பெட்டியில சொல்லிருவாரு. நானும் சுத்திப் போயிடுவேன். அன்னைக்கு எதுல சொல்லுவாரு? நான் வழக்கம்போல நடந்து வரேன், டம்ளரைத் தட்டு தட்டுன்னு தட்டுறாரு. தட்டினா எனக்கு என்னடி தெரியும்? நான் எதையும் கேக்கவே இல்லையே! இந்தக் கேள்விக்கு இத்தனை தட்டான்னு யோசிச்சுக்கிட்டே போய் நாற்காலி மேல விழுந்தேன்.

விழுந்தது பெருசில்ல. அதுக்கப்புறம் என் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு பாரு. "ஒண்ணுமில்லங்க"ன்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், காலை விடல. இப்ப வீட்ல ஒரு சாமான் அசையுறதில்ல. நாற்காலிய மூலையில கொண்டுபோய் வச்சுட்டு அங்க கண்ணைச் சுருக்கிக்கிட்டு உனக்கு எழுதுறாராம். டைலரம்மாதான் சொன்னாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். கீபோர்டை மாத்தப் போறேன்னு போன்ல சொன்னியே, வேண்டாம்டி. உனக்குப் புண்ணியமாப் போகும், மாத்தாத. அந்த டக்கு டக்குதான் அவரு தொண்டைய கனைக்கிற சத்தம். அது கேட்டதும் நான் கை வேலைய நிறுத்திட்டு அந்தப் பக்கம் திரும்பிருவேன். படபடன்னு அடிச்சா கோவம். விட்டு விட்டு அடிச்சா எதையோ மறைக்கிறாரு. அடிச்சு அடிச்சு அழிச்சாருன்னா என்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறாரு. குரல் வர்றதுக்குள்ள எனக்குப் பாதி தெரிஞ்சுரும். போன்ல வந்தானே அந்த ஆளு, அவன் ஒரு சத்தமும் இல்லாம திடீர்னு காதுகிட்ட வந்து நின்னான். பயப்படாம என்ன செய்வேன்?

எங்களுக்குள்ள சண்டை நின்னு போச்சு. நான் மட்டும் பேசினா அது சண்டையா? ரெண்டு வார்த்தை திட்டினா ஒரு தட்டு தட்டுறாரு, ஆமாங்கிறாரு. அதுக்கப்புறம் எனக்கே பேசப் பிடிக்கல.

பெட்டி சரியாகலைன்னா ஆகலைன்னு சொல்லு. நீ என்னத்தையோ முழுங்குறேன்னு உன் மூச்சுலயே தெரியுது. உன்ன யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. உன்ன மாதிரி தங்கச்சி யாருக்கு வாய்க்கும்?

அக்கா

(இது டைலரம்மா. உங்க அக்கா அழாமத்தான் சொன்னாங்க. நான்தான் அழுது ரெண்டு பேப்பரை வீணாக்கிட்டேன்.)

*

மார்ச் 23

அன்புள்ள அத்தானுக்கு,

சௌக்கியம் விசாரிக்கப் போவதில்லை. அக்கா டைலரம்மாவை எழுதச் சொல்லி எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உங்களை நினைத்தால் கோபம் கோபமாக வருகிறது. நாற்காலியை எடுத்து ஜன்னலருகில் போடுங்கள் முதலில். ஒரு தடவை விழுந்தவளுக்கு இனி அந்த இடம் நன்றாகத் தெரியும்.

கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. நானும்தான் மறைத்தேன். கேளுங்கள்.

பழைய வெள்ளி டப்பாவில் ஒரு பக்கம் கோடு போட்டிருக்கும், கோடு இருக்கிற பக்கம் மைனஸ். மஞ்சள் வகையிலும் கோடு உண்டு, ஆனால் அதில் கோடு இருக்கிற பக்கம் பிளஸ். தலைகீழ். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், தெரியுமா? கடையில் சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறேன். ஆனால் இத்தனை வருஷமாகக் கை பழகியது டப்பா வகையில்தான். உங்களுக்கென்று விசேஷமாக மஞ்சளை எடுத்தேனா, கை பழைய பழக்கத்தில் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டது. கரண்ட்டைக் கொடுத்ததும் 'பட்' என்று வெடித்துப் பொறி பறந்தது. குரல் பகுதிக்குப் போகும் செம்புக் கோடு கருகிப்போனது.

மற்றவர்களுக்குப் போடுகிறதையே போட்டிருந்தால் இது நடந்திருக்காது. உங்களுக்கு ஒசத்தியாகச் செய்யப் போய்த்தான் இப்படி.

கருகினதைச் சுரண்டிவிட்டு, தலைமுடி மாதிரி மெல்லிய கம்பியை ஒட்டிக் கோட்டைச் சரிசெய்துவிட்டேன். கெப்பாசிட்டரையும் புதிதாக, சரியாக வைத்துவிட்டேன். ஆனால் அந்த வெடியில் குரலை உண்டாக்குகிற சில்லும், சிப் என்பார்களே, அதுவும் செத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சில்லை இப்போது யாரும் செய்வதில்லை. அது உயிரோடு இருக்கிறதா என்று தெரிய சுவிட்சைப் போட வேண்டும். எனக்கு இன்னும் கை வரவில்லை. பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

கீபோர்டில் கை வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன்.

உங்கள் மச்சினி

*

ஏப்ரல் 3

அன்புள்ள மச்சினிக்கு,

நாற்காலி ஜன்னலருகில் இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உன் அக்காவின் கையைப் பிடித்து நாற்காலியைத் தொட்டுக் காட்டிவிட்டேன். முதுகு, கை, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா விஷயம்?" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

உன் கடிதத்தைப் படித்து எனக்குத் துளிகூட வருத்தமில்லை. நன்றாக யோசித்துப் பார். நீ தலைகீழாக வைத்ததும், நான் நாற்காலியை இழுத்ததும் ஒரே மாதிரித் தப்புத்தான். நான் உனக்கு எழுத வெளிச்சம் தேடினேன், நீ எனக்கு ஒசத்தியானதைத் தேடினாய். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் பெரிய தப்பு. நான் ஊமை, எனக்குச் சாக்கு உண்டு. உனக்கு என்ன கேடு?

போய் சுவிட்சைப் போடு. பேசினால் பேசட்டும். பேசாவிட்டால் எங்களுக்கு டம்ளர் இருக்கிறது, நீ இருக்கிறாய், எழுதிக்கொடுக்க டைலரம்மா இருக்கிறார். இத்தனை பேர் எத்தனை பேருக்கு இருக்கிறார்கள்?

உன் அத்தான்

*

ஏப்ரல் 27

அன்புள்ள அத்தானுக்கு,

பேசிவிட்டது! எல்லாருடைய சுகத்தையும் அப்புறம் விசாரிக்கிறேன். பேசிவிட்டது!

பக்கத்துக் கடைக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். நீங்கள் சேமித்து வைத்திருந்த வாக்கியங்களில் முதலாவதை அமுக்கினேன். "எங்க இருக்க" என்றது. அவர் பதறிப்போய், "இங்கதான் இருக்கேன்" என்றார். நான் சிரித்து அழுது ஒரு வழியாகிவிட்டேன். அன்றிலிருந்து பல நாள் ஓடவிட்டுப் பார்த்தேன். சூடு இல்லை, வாடை இல்லை, ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஆனால் அத்தான், ஒரு சிக்கல். அந்தக் கரகரப்பு போய்விட்டது. கெட்டுப்போன கெப்பாசிட்டர்களால்தான் குரல் அப்படித் தேய்ந்திருக்கிறது. நாம் எல்லாரும் அதுதான் உங்கள் குரல் என்று பழகிவிட்டோம். இப்போது கணீரென்று, பாத்திரம் விழுந்த மாதிரி வருகிறது. சாஃப்ட்வேர் அதுதான், குரல் வேறு ஆள் மாதிரி. அக்கா இவனையும் வெளியே அனுப்பச் சொல்லிவிட்டால்?

பழைய டப்பாக்களை இன்னும் தூக்கிப் போடவில்லை. குரல் பகுதியில் மட்டும் அவற்றில் இரண்டைத் திரும்ப வைத்தால் பழைய கரகரப்பு வந்துவிடும். ஆனால் மறுபடி ஒழுகும், மறுபடி அரிக்கும். எதைச் செய்ய? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உங்கள் மச்சினி

*

மே 5

அன்புள்ள மச்சினிக்கு,

ஒழுகுகிற டப்பாவைத் தெரிந்தே வைக்காதே. உள்ளபடியே அனுப்பு. அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக்கொள்கிறேன். கல்யாணமான புதிதில் என் பழைய குரலும்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கடையில் கூவுகிற மாதிரி வீட்டிலும் கூவுகிறேன் என்பாள்.

எழுதிவிட்டேனே தவிர, பயமாகத்தான் இருக்கிறது.

உன் அத்தான்

*

மே 20

அன்புள்ள மச்சினிக்கு,

நீ, உன் கழுத்து, உன் கை, உன் கடை எல்லாம் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். பெட்டி வந்து சேர்ந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் உன் அக்காவுக்கு ஒரு பெரிய நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். இந்த மாதங்களில் ஒரு முணுமுணுப்பில்லாமல் என் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவள் அல்லவா? மேஜையில் பெட்டியை வைத்துத் திறந்தேன். நாற்காலி ஜன்னலருகில் இருந்ததால் நின்றபடியே அடிக்க ஆரம்பித்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். முதல் எழுத்து விழுந்த சத்தத்திலேயே அவள் கை நின்றது. துண்டு பாதி மடிப்பில் அப்படியே மடியில் இருக்க, முகம் என் பக்கம் திரும்பியது. அந்த முகத்தைப் பார்த்ததும் நினைத்து வைத்திருந்த வாக்கியம் எனக்கு மறந்து போயிற்று. அழித்தேன், அடித்தேன், மறுபடி அழித்தேன். அவள் உதட்டில் சிரிப்பு வர ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அவள் விழுந்த அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் அடித்தேன்.

"நாற்காலி ஜன்னல் பக்கம் இருக்கு" என்றது பெட்டி, கணீரென்று.

 அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம், "அப்பாடா, ஒருவழியா சளி போச்சா உங்களுக்கு?" என்றாள்.

அவ்வளவுதான். துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்தாள். தடவவில்லை, தயங்கவில்லை. நேராக நடந்து போய் ஜன்னலருகில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள் பார், இத்தனை மாதமாக என்னைப் பற்றிச் சேர்த்து வைத்திருந்த புகார் எல்லாவற்றையும். நானும் விடவில்லை. படபடவென்று பதிலுக்குப் பதில் அடித்தேன். சத்தம் கேட்டு டைலரம்மா ஓடிவந்து, நாங்கள் சண்டை போடுகிறோம் என்று தெரிந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்.

நன்றியைச் சாயங்காலம்தான் சொல்ல முடிந்தது. "நீ இல்லாட்டி நான் இல்ல" என்று அடித்தேன். வழக்கம்போலப் போலீஸ்காரர் மாதிரிச் சொன்னது. "இது கேள்வியா, உத்தரவா?" என்றாள் உன் அக்கா. இரண்டும் இல்லை என்று சொல்ல அடிக்கப் போனேன். அவள் ஸ்பூனை எடுத்து டம்ளரில் ஒரு தட்டுத் தட்டினாள்.

உன் அத்தான்